தானாக அடிக்காத மணி

இதை எழுத நான் பல வருடம் தயங்கினேன். நோட்டை எடுப்பேன், வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத்து எங்கே வரும் என்பது ஒரு சாக்கு. உண்மையான காரணம் வேறு. நான் வாயைத் திறந்தால் யாருடைய விசுவாசமாவது ஆடிப்போகுமோ என்று பயந்தேன்.

போன மாதம் மருமகளின் போனில் ஒரு பேச்சு வந்தது. மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் மனிதக் கை படாமல் ஆலய மணி தானாக அடித்ததாம். கேட்டுக்கொண்டே அவள் கண்ணைத் துடைத்தாள். "அத்தை, ஒங்க ஊர்ப் பக்கம் போலயே" என்றாள்.

என் ஊர்ப் பக்கம் இல்லை. என் ஊரேதான். அந்தப் பேச்சில் வருகிற கிணற்றுக்குள் கிடந்த மனிதர் என் அப்பா. மணியை அடித்தது நான்.

என் வயதுக்காரர்களே, சபைச் சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கமலைக் கிணறும் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களின் பசியும் தெரிந்தவர்கள் நீங்கள். அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எழுமலையிலிருந்து வரப்பு வழியாக நடந்து போகிற ஊர் எங்களுடையது. செம்மண் காடு. மேற்கே பார்த்தால் மலை நீலமாக நிற்கும், மழை மட்டும் எங்கள் பக்கம் வராது. ஊரின் கீழ்க்கோடியில் எங்கள் சபை வீடுகள் கொஞ்சம். ஓடு போட்ட சின்னக் கோயில். அதன் முன்னால் இரண்டு கல் தூண், தூண்களின் மேல் உத்தரம், உத்தரத்தில் மணி. மணியின் கயிற்றை, கோயிலை நடத்துகிற உபதேசியார் எப்போதும் தூணில் உயரமாகச் சுற்றி வைப்பார். பிள்ளைகள் இழுத்து விளையாடுவோம் என்று.

ஆராதனைக்கு என்றால் கயிற்றை விடாமல் இழுப்பார். மணி கலகலவென்று பேசும். யாராவது இறந்துபோனால் அது துக்க மணி. ஒரு அடி அடிப்பார். அந்தச் சத்தம் முழுக்க அடங்குகிறவரை பொறுத்திருந்து அடுத்த அடி. துக்க மணிக்கு எங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்தச் சத்தம் கேட்டால், சுற்றியுள்ள குடியிருப்புகளில் எங்கள் சபை ஆண்கள் எந்த வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி விட்டு, மண்வெட்டி கடப்பாறையோடு நேரே கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிட வேண்டும். வழியில் நின்று யார் போனது என்று கேட்கக்கூடாது. வந்ததும் குழி வெட்டத் தொடங்கிவிட வேண்டும். கூலிக்கு ஆள் வைத்துக் குழி வெட்டுவது எங்களுக்குக் கேவலம்.

சின்னப் பிள்ளையான எனக்கு அப்போது ஆண்டவர் என்றால் அடுத்த தெருவில் குடியிருப்பவர் மாதிரி. கூப்பிட்டால் வருவார். பென்சில் பெட்டி தொலைந்தால் அவரிடம் கேட்பேன். சிவப்புத் தகரத்தில் மயில் படம் போட்ட பெட்டி அது. ஒரு தடவை கிடைத்தது. மறு தடவை கிடைக்கவில்லை. அவருக்கு வேறு வேலை இருந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அந்த மயிலின் கழுத்து நிறத்தை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

உபதேசியாரின் மனைவிதான் எங்களுக்கு ஞாயிறு பள்ளி நடத்துவார். டீச்சரம்மா என்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னார்: "மணி எதுக்கு அடிக்கிறோம்? நாம கூடுறதுக்கு. நாம கூடுன எடத்துக்கு ஆண்டவர் வந்துருவாரு. அவரு வாக்குக் குடுத்திருக்காரு, மாத்த மாட்டாரு."

நான் கையைத் தூக்கி, "அப்ப மணி அடிச்சா அவரு வந்தே ஆகணுமா டீச்சர்?" என்று கேட்டேன்.

"வந்தே ஆகணும்" என்றார் டீச்சரம்மா. அதை நான் அப்படியே வாங்கி உள்ளே வைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் கோடை கொடுமையாக இருந்தது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. அதைத் தூர் வாருகிற வேலைக்குச் சுற்று ஊர் ஆண்கள் எல்லாம் போனார்கள். என் தாய்மாமாவும் அங்கேதான். அவர் அடுத்த குடியிருப்பு. வாயில் எப்போதும் பீடி இருக்கும். குழி வெட்டுவதற்குத் தவிரக் கோயில் பக்கம் வரமாட்டார். "ஒன் அண்ணனுக்காக ஜெபம் பண்ணும்மா" என்று உபதேசியார் அம்மாவிடம் அடிக்கடி சொல்வார். மாமாவின் காதில் விழுந்தால், "எனக்கும் சேத்துத்தான் அவரு பண்றாருல்ல, அப்பறம் நா எதுக்கு?" என்பார்.

அப்பாவும் சித்தப்பாவும் கண்மாய் வேலைக்குப் போகவில்லை. ஊர்ப் பெரிய புஞ்சைக்காரர் ஒருவர் தன் கிணற்றை ஆழப்படுத்தினார். அப்பாவுக்குப் பாறை உடைக்கிற பழக்கம் உண்டு என்பதால் அங்கே கூப்பிட்டார்கள். அப்பா அடியில் இறங்கி உளியும் சுத்தியலுமாகப் பாறையைக் குடைவார். மேலே சித்தப்பாவும் இன்னும் சில ஆட்களும் கூடையில் மண்ணை இழுப்பார்கள். மத்தியானம் அம்மா கம்பங்கூழ் கொண்டுபோவாள். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய். லெந்து நாட்கள் என்று அப்பா அந்த மிளகாயைக்கூட விட்டிருந்தார்.

ஒரு நாள் ராத்திரி எதிர்பாராமல் ஒரு மழை கொட்டியது. ஊரே சந்தோஷப்பட்டது. உபதேசியார் ஸ்தோத்திரம் சொன்னார். அந்த மழை கிணற்றுக் கரைக்குள் இறங்கி நின்றது யாருக்கும் தெரியாது.

மறுநாள் நான் அம்மாவோடு கூழ்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். நாங்கள் வரப்பில் வரும்போதே அந்தச் சத்தம் கேட்டது. இடி மாதிரி இல்லை. பெரிய மாடு ஒன்று பெருமூச்சு விட்ட மாதிரி. கிணற்றின் ஒரு பக்கம் அப்படியே வழிந்து உள்ளே போய்விட்டது. புழுதி மேலே எழும்பி நின்றது.

"அண்ணே!" என்று சித்தப்பா அலறியது கேட்டது. அம்மா சட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

சித்தப்பா வடத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார். கையாலேயே மண்ணை அள்ளினார். அவர் அள்ள அள்ள மேலிருந்து சரிந்தது. இடுப்பு வரை மூடியதும் மற்றவர்கள் அவரைக் கதறக் கதற இழுத்து மேலே போட்டார்கள். நகம் எல்லாம் பெயர்ந்து ரத்தம். "உள்ள மொனகுற சத்தம் கேட்டுச்சு, சத்தியமா கேட்டுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

புஞ்சைக்காரர் டவுனுக்குத் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடச் சைக்கிளில் ஆள் அனுப்பினார். "அது வரட்டும். யாரும் எறங்காதீங்க" என்றார்.

"அது எப்ப வந்து எப்ப எடுக்குறது? கண்மாய்க்கு ஆள விடுங்க, அங்க அம்புட்டு ஆம்பளைக இருக்காக" என்றார் சித்தப்பா.

"கூட்டம் வந்து கரையில நின்னா மிச்சமும் சரிஞ்சிரும். இருக்கிறவனையும் சேத்துக் குடுக்கச் சொல்றியா?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்துபோயிருந்தார் என்று இப்போது தெரிகிறது. அன்று அவரைப் பார்த்து எல்லாரும் பயந்தோம்.

பெண்கள் ஓடி வந்தார்கள். ஒப்பாரி தொடங்கிவிட்டது. உபதேசியாரும் வந்தார். கண்ணை மூடி, கையை உயர்த்தி, உரத்த குரலில் ஜெபித்தார். அழகான ஜெபம்தான். ஆனால் அவருடைய ஜெபத்தில் அப்பா ஏற்கனவே பரலோகத்தில் இருந்தார்.

ஜெபம் முடிந்ததும் புஞ்சைக்காரர் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, இனி என்ன இருக்கு. மணிய அடிக்கச் சொல்லிருங்க. சொந்த பந்தம் வரட்டும்."

அம்மா மண்ணிலிருந்து எழுந்தாள். அவள் கண் அப்படி இருந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "மணிமேல யாராச்சும் கைய வச்சீங்க, நானும் இதுக்குள்ள விழுந்துருவேன். அவரு சாகல. மணி அடிக்கிற வரைக்கும் அவரு சாகல."

நான் ஓரமாக நின்றிருந்தேன். என் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தைதான். மணி.

ஆண்டவர் ஏன் இன்னும் வரவில்லை என்று அதுவரை யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது விளங்கிவிட்டது. யாரும் மணி அடிக்கவில்லை. மணி அடிக்காமல் சபை எப்படிக் கூடும், சபை கூடாமல் அவர் எப்படி வருவார்? இவ்வளவு பெரியவர்களுக்கு இது தெரியவில்லையே என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது. துக்க மணி என்ற ஒன்று இருப்பதே அந்த நேரத்தில் என் நினைவில் இல்லை. அம்மா சொன்னது எதைப் பற்றி என்பதும் ஏறவில்லை.

ஓடினேன். காலில் செருப்பு இல்லை. வரப்பெல்லாம் நெருஞ்சி. கோயிலடியில் ஒரு ஆள் இல்லை, எல்லாரும் கிணற்றடியில்.

கயிறு தூணில் உயரமாகச் சுற்றியிருந்தது. ஒரு விளக்குமாற்றை எடுத்துத் தட்டித் தட்டி அவிழ்த்தேன். அவிழ்ந்தும் எட்டவில்லை. தூணின் அடிக்கல்லில் ஏறி, அங்கிருந்து தாவி, கயிற்று முடிச்சைப் பிடித்துத் தொங்கினேன். என் கனத்துக்கு மணி ஒரு தடவை அசைந்து "டங்" என்றது. கை வழுக்கிக் கீழே விழுந்தேன். மறுபடியும் கல்லில் ஏறினேன். மறுபடியும் தாவினேன். மறுபடியும் ஒரே ஒரு "டங்".

ஒரு அடி அடித்து, விழுந்து, எழுந்து, ஏறித் தாவுவதற்குள் முந்தின சத்தம் முழுக்க அடங்கிவிடும். நான் ஊரைக் கூட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஊருக்குக் கேட்டது துக்க மணி.

கிணற்றடியில் என்ன நடந்தது என்பதைச் சித்தப்பா பின்னாளில் சொன்னார். முதல் அடியில் எல்லாரும் கோயில் பக்கம் திரும்பினார்களாம். அடுத்த அடியில் அம்மா மயங்கி விழுந்தாள். புஞ்சைக்காரர் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அதுவரை மறுபடியும் இறங்க வடத்தைக் கட்டிக்கொண்டிருந்த சித்தப்பா அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். "மணி அடிச்சாச்சுன்னதும் எனக்குக் கை விட்டுப்போச்சு" என்றார். அப்பாவுக்காகக் கடைசியாக அசைந்துகொண்டிருந்த கை அதுதான். அதை நிறுத்தியது என் மணி.

இது எதுவும் தெரியாமல் நான் தாவிக்கொண்டிருந்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்து கயிறு பிசுபிசுத்தது. ஒவ்வொரு தடவை விழும்போதும் பாதையைப் பார்ப்பேன், ஆண்டவர் வருகிறாரா என்று. ஞாயிறு பள்ளிப் பட அட்டையில் இருக்கிற மாதிரி வெள்ளை அங்கியோடு வருவார் என்று நினைத்தேன்.

வந்தது என் தாய்மாமா. அவருக்குப் பின்னால் கண்மாய் ஆட்கள் ஒரு கூட்டம். எல்லாருக்கும் முழங்கால் வரை சேறு. தோளில் மண்வெட்டி, கடப்பாறை, மண் கூடை. ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கட்டுப்பாடு அது. தூணடியில் விழுந்து கிடந்த என்னை யாரும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். சிலர் கோயிலுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த நீளப் பலகைகளைத் தூக்கினார்கள். சவம் சுமக்கிற பலகைகள். மாமா ஒரு இடத்தைக் காலால் அளந்து மண்வெட்டியைப் போட்டார்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். மண் பறந்துகொண்டிருந்தது.

"மாமா, யாருக்குக் குழி?"

மாமா நிமிராமலே, "அத நீதான் சொல்லணும். யாரு தாயி போனது?" என்றார்.

"யாரும் போகல. அப்பா கிணத்துக்குள்ள இருக்காரு, மேல மண்ணு விழுந்துருச்சு. இங்க ஏன் தோண்டுறீங்க? அங்க வந்து தோண்டுங்க மாமா."

மண்வெட்டி நின்றது. "எடுத்தாச்சா அவர?"

"இல்ல."

"எடுக்காம எவன்டா மணி அடிக்கச் சொன்னது?"

"நாந்தான் அடிச்சேன். மணி அடிச்சா எல்லாரும் வருவாங்க, ஆண்டவரும் வருவாருன்னு டீச்சரம்மா சொன்னாங்க."

மாமா என்னை அடிக்கக் கையை ஓங்கினார். ஓங்கிய கையோடு என் கையைப் பார்த்தார். தோல் இல்லாத உள்ளங்கை. அப்படியே திரும்பி மற்றவர்களைப் பார்த்துக் கத்தினார்: "கெடக்கிறவன எடுக்கல, அதுக்குள்ள இங்க என்னடா குழி! மாப்ள, பலகையக் கீழ வைக்காத, அப்படியே தூக்கிட்டு வா. ஓடுங்கடா!"

எல்லாரும் ஓடினார்கள். நான் மாமாவின் பின்னாலேயே ஓடினேன். மூச்சு வாங்க, "மாமா, ஆண்டவர் ஒங்க கூட வரலையா?" என்று கேட்டேன்.

"அவரு முன்னாடியே கிணத்துக்குப் போயிருப்பாரு. நீ வாய மூடிட்டு வா" என்றார்.

எனக்கு அது போதுமாக இருந்தது.

கிணற்றடியில் புஞ்சைக்காரர் கையை விரித்து மறித்தார். மாமா, "நீங்க அங்கிட்டு நில்லுங்கண்ணே" என்று ஒதுக்கிவிட்டு, ஆட்களைக் கரையை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார். கண்மாய்க் கரையில் மண்ணோடு பழகியவர்கள். சவப் பலகைகளைச் சரிவுக்கு எதிரே செருகி, கடப்பாறைகளை ஊன்றி முட்டுக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு மண் மேலிருந்து வரவில்லை. கூடை கூடையாக வெளியே போனது. அப்பாவின் தலைத்துண்டு வந்தது. அதைப் பார்த்ததும் பெண்கள் ஒரே ஓலம்.

மாமா உள்ளேயிருந்து கத்தினார்: "எல்லாரும் வாய மூடுங்க! ஒரு சத்தம் வரக்கூடாது. ஐயா, நீங்களும்தான். ஜெபத்தக் கொஞ்சம் மனசுக்குள்ள பண்ணுங்க."

மண் விழுந்தது முதல் அந்தக் கிணற்றைச் சுற்றி யாருமே வாயை மூடியிருக்கவில்லை. அழுகை, ஜெபம், சண்டை. இப்போதுதான் முதல் தடவையாக எல்லாம் நின்றது. தூரத்தில் ஒரு காடை கத்தியது. மாமா பாறையில் காதை வைத்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பாறைக்குள்ளிருந்து "டக்" என்று ஒரு சத்தம். உளி பாறையில் தட்டுகிற சத்தம்.

மாமா முகத்தைத் திருப்பி மேலே பார்த்தார். பீடி நாற்றம் பிடித்த அந்த மனிதர் வாயைத் திறந்து சத்தமே வராமல் அழுதார். அதற்குப் பிறகு கடப்பாறை பிடித்தவர்கள் மனிதர்கள் மாதிரியே இல்லை.

அப்பா தான் குடைந்த பாறைப் பொந்துக்குள் சுருண்டு கிடந்தார். கால் ஒன்று வெளியே மண்ணுக்குள் நசுங்கியிருந்தது. மண் கூடையில் உட்காரவைத்து வடத்தில் ஏற்றினார்கள். கண்ணைத் திறந்து முதலில், "தண்ணி" என்றார். மயக்கம் தெளிந்து உட்கார்ந்திருந்த அம்மா, அவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து கன்னத்தில் ஒரு அறை விட்டாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. தீயணைப்பு வண்டி வந்தபோது அப்பா மாட்டு வண்டியில் படுத்திருந்தார். அவர்கள்தான் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் என்னைச் சபை முன்னால் நிற்கவைத்தார். உயிரோடு இருக்கிறவருக்குத் துக்க மணி அடித்ததற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன். கைக் கட்டோடு நின்ற எனக்கு எதற்கு என்று புரியவில்லை. மாமா மட்டும் கடைசி வரிசையிலிருந்து, "அப்ப நாங்களும் மன்னிப்புக் கேக்கணுமா ஐயா, குழி வெட்ட வந்து ஆள எடுத்ததுக்கு?" என்றார். குழி வெட்டாமல் அவர் கோயிலுக்கு வந்த முதல் நாள் அது. அதற்குப் பிறகும் வந்தார்.

அப்பா ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கு மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்கக் கம்பு ஊன்றித்தான் நடந்தார்.

கோடை முடியும் முன்னே கன்வென்ஷன் கூட்டம் நடந்தது. ஓலைப் பந்தல். வெளியூரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் இந்தக் கதையை யாரிடமோ கேட்டிருந்தார். அவர் சொன்னபோது மணி தானாக அடித்தது. கிணற்றுக்குள்ளிருந்த மனிதர் அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தைரியம் கொண்டார். பந்தலே அழுதது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நான், "நாந்தான் அடிச்சேன்" என்றேன். டீச்சரம்மா என் வாயைப் பொத்தினார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். "அப்பா, ஒங்களுக்கு மணிச் சத்தம் கேட்டுச்சா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல தாயி. காதெல்லாம் மண்ணு."

"அந்த ஐயா கேட்டுச்சுன்னு சொன்னாரே."

"அவரு கிணத்துக்குள்ள இல்லையே" என்று சிரித்தார்.

"அப்ப நீங்க ஏன் எந்திரிச்சுச் சொல்லல?"

"அம்புட்டுப் பேரு அழுதுக்கிட்டு இருக்கையில நா என்னத்தச் சொல்ல? விடு."

விட்டுவிட்டேன். இத்தனை காலம். அப்பா போய்ச் சேர்ந்தபோது, மாமா அன்றைக்கு மண்வெட்டி போட்டுவிட்டு வந்த அதே இடத்தில்தான் அடக்கம் செய்தோம். அந்தச் சவப் பலகைகள் கிணற்றிலேயே உளுத்துப்போயின. பழைய மணி விரிசல் விட்டு, இப்போது ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள்.

ஆண்டவர் அன்று வந்தார் என்றே இன்றைக்கும் நம்புகிறேன். மணி அடித்தால் வந்தே ஆக வேண்டும் என்று நம்பிய பிள்ளை நான், வேறு எப்படி நம்புவேன்? வெள்ளை அங்கியில் வரவில்லை, அவ்வளவுதான்.

அதனால் ஒரு வேண்டுகோள். இதை உங்கள் பிள்ளைகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் சபையிலும் சொல்லுங்கள். போனில் அனுப்பினாலும் அனுப்புங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். நான் அடித்த மணியில் சித்தப்பாவின் கை நின்றுபோனதை மறைக்க வேண்டாம். மாமாவின் பீடியை எடுத்துவிட வேண்டாம். அப்பாவுக்கு மணி கேட்டதாகச் சேர்க்க வேண்டாம். முக்கியமாக, மணி தானாக அடித்தது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால், நாளைக்கு இன்னொரு பிள்ளை கயிற்றைப் பார்த்துக்கொண்டு, அது தானாக அசையட்டும் என்று கீழேயே நின்றுவிடும்.